எலி பிடிக்கும் நாய் கோழியைத் தொடாதிருக்க

நெல்வயலும் மரக்கறித் தோட்டமும் உள்ள ஊர்களில் நாய் இல்லாத வளவு அரிது. இரவிற் களவைக் காத்தலும், தோட்டத்துள் நுழையும் பன்றியையும் குரங்கையும் குரைத்து அறிவித்தலும், வரம்பிலும் வைக்கோற்போரின் அடியிலும் எலியைத் தோண்டிப் பிடித்தலும் அதன் தொழில்கள். அதே வளவிலேயே கோழி மேய்கின்றது, ஆட்டுக்குட்டி துள்ளுகின்றது, பசுக்கன்று கட்டையிற் கட்டப்பட்டு நிற்கின்றது. ஒருநாள் அந்நாய் ஒரு பேட்டுக்கோழியைக் கவ்விக் கொன்றுவிட்டால், அன்றே அதற்குத் தீர்ப்பும் கூறப்பட்டுவிடுகின்றது. "இது கோழி பிடிக்கும் நாய், இனித் திருந்தாது" என்பதே அத்தீர்ப்பு. அதன்பின் அந்நாய் அடிக்கப்படும். அல்லது வாழ்நாள் முழுவதும் சங்கிலியிற் கிடக்கும். அல்லது சாக்கிற் கட்டிச் சந்தைச் சந்தியில் விடப்படும். சில வேளைகளில் அதற்கு நஞ்சிட்ட சோறும் வைக்கப்படும்.

இத்தீர்ப்பு நியாயமானதன்று. எந்த நாயும் கோழி பிடிக்கும் நாயாகப் பிறப்பதில்லை; பழக்கப்படாமையினாலேயே அவ்வாறு ஆகின்றது. எலியைக் கொல்லும் ஊக்கமும் கோழியைக் கொல்லும் ஊக்கமும் ஒரே வேரில் முளைப்பவை. அவ்வூக்கத்தை எவ்விடத்திற் செலவிடலாம், எவ்விடத்தில் அடக்கவேண்டும் என்பதை நாய்க்குக் கற்பிக்கும் கடமை அதனை வளர்ப்போனையே சாரும். கற்பிக்காது விட்டுப் பின்னர் தண்டிப்பது, விதைக்காத வயலிற் கதிரைத் தேடுவது போன்றதாகும்.

எலியினால் விளையும் கேடு

எலி பிடிக்கும் நாய் கமக்காரனுக்கு ஏன் வேண்டும் என்பதை முதலில் நோக்குதல் தகும். அகழான் எனப்படும் வயலெலி வரம்பைக் குடைந்து வளை அமைக்கின்றது. வளையின் வாயிலில் மண்ணைக் குவித்து அடைத்து வைக்கின்றது. வரம்பு குடையப்பட்டால் வயலிற் கட்டிய நீர் கசிந்தோடும். பயிர் குடலைப் பருவத்தை அடையும்போது எலியின் இனப்பெருக்கம் மிகுகின்றது. பெண்ணெலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 3 வாரமே. ஆதலின், பயிர் கதிராகி முற்றுவதற்குள் ஒரு வளை பல வளைகளாகிவிடும். முற்றிய கதிர்களை வெட்டி வளைக்குள் இழுத்துச் சேமித்து வைப்பதும் அகழானின் இயல்பு. மரக்கறித் தோட்டங்களில் வத்தாளை, மரவள்ளி ஆகியவற்றின் கிழங்குகளையும் எலிகள் கடித்து அழிக்கின்றன.

பொருளிழப்போடு இக்கேடு முடிவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் வெறுங்காலுடன் இறங்கி வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சல் உண்டாகின்றது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பெரிதும் பரவி, 7000க்கும் மேற்பட்டோர் பீடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவர்களுள் வயல் வேலை செய்வோர் பலர்.

எலியை ஒழிக்க நஞ்சு வைப்போர் பலர். ஆயினும் நஞ்சு எலியை மாத்திரம் தேடிச் செல்வதில்லை. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் நாயும் கேடுறலாம். நஞ்சுணவைக் கோழி கொத்தினாலும் கேடே. ஆதலின், வளவிலும் வீட்டை அண்டிய தோட்டத்திலும் நல்ல நாய் ஒன்று செய்யும் வேலைக்கு மதிப்புண்டு. நாய் ஒன்றே எலியை முற்றாக ஒழித்துவிடும் என்று எவரும் கருதலாகாது. ஊரவர் யாவரும் ஒரே காலத்தில் விதைத்தல், வரம்புகளை ஓரடிக்கு மேல் அகலமின்றி அமைத்தல், புல்லும் பற்றையும் வளரவிடாது துப்புரவாக்கல் என்பனவே முதன்மையான முறைகள். நாய் அவற்றுக்குத் துணை நிற்பது.

டெரியரும் ஊர் நாயும்

எலிவேட்டைக்கென்றே பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனங்களை டெரியர் என்பர். மண் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது அப்பெயர். மண்ணுக்குள் வளைபுகுந்து வேட்டையாடுவதே இவ்வினத்தின் தொழிலாதலின் பெயரும் பொருத்தமானதே. டெரியர் சிறிய உடலும் அஞ்சாமையும் உடையது. கவ்வியதை உலுக்கிக் கழுத்தை முறிக்கும் வேகமும் அதற்குண்டு. 1823 ஆம் ஆண்டில் இலண்டன் நகரில், பந்தயக் குழியொன்றில் விடப்பட்ட பில்லி என்னும் டெரியர் வழிவந்த நாய், 100 எலிகளை ஐந்தரை நிமிடத்திற் கொன்றதாகப் பதிவு உண்டு. அக்கொடிய விளையாட்டு அந்நாட்டிற் பின்னர் மறைந்தொழிந்தது. ஆயினும் அவ்வெண்ணிக்கை கமக்காரனுக்கு ஒரு பாடம் சொல்லுகின்றது. கணக்கிட்டால், ஓர் எலிக்கு 4 செக்கன் கூட ஆகவில்லை. இத்தகைய நாய் முன்னே கோழிக்கூட்டின் கதவு திறந்து கிடந்தால், வீட்டார் சத்தங்கேட்டு ஓடிவருமுன் கூடு வெறுங்கூடாகிவிடும். பசிக்காக அன்று, ஒவ்வொரு சிறகடிப்பும் அதனை மீண்டும் மீண்டும் தூண்டுவதனாலேயே இது நேர்கின்றது.

எனினும் டெரியரின் வேகம் மனிதன் சொல்லுக்கு அடங்காதது அன்று. 1795 இல் பிறந்து 1883 இல் மறைந்த ஜோன் றசல் என்னும் ஆங்கிலப் பாதிரியார், டெவன் பகுதியில் தமது பெயரால் வழங்கும் டெரியர் நாய்களை வளர்த்தார். நரியை வளைக்குள்ளேயே கொன்றுவிடும் நாயை அவர் விரும்பவில்லை. குரைத்து நரியை வெளியேற்றும் நாயையே விரும்பினார். பல்லின் வேகத்துக்கும் எல்லை வகுக்கலாம் என்பதற்கு இதுவே தக்க சான்று.

இலங்கைக் கமக்காரன் எலிவேட்டைக்காக விலைகொடுத்து டெரியர் வாங்கவேண்டுவதில்லை. ஊர் நாயும் டெரியர் கலப்பு நாயும் இவ்வேலைக்குப் போதியவை. ஊர் நாய் வெயிலையும் மழையையும் தாங்கும்; எளிய உணவில் வாழும். எந்த நாயானாலும் கீழே கூறப்படும் முறை ஒன்றே. டெரியர் இரத்தம் கலந்த நாய்க்குப் பொறுமை சற்று அதிகம் வேண்டும் என்பதே வேறுபாடு.

நாய்க்குக் கோழி பிடிக்கக் கற்பிப்பவர் யார்?

நாயின் வேட்டை ஒரே செயலன்று; படிப்படியாக நிகழும் செயல்களின் தொடர். முதலில் கூர்ந்து நோக்கும்; அடுத்து உடலைத் தாழ்த்திப் பதுங்கும்; பின் துரத்தும்; பின் கவ்வும்; முடிவிற் கொல்லும். துரத்தத் தொடங்கிய நாயைக் கூப்பிட்டு நிறுத்துதல் கடினம். கூர்ந்து நோக்கும் நாயைக் கூப்பிட்டுத் திருப்புதல் எளிது. பழக்குதலின் இரகசியம் முழுவதும் இவ்வேறுபாட்டிலே அடங்கியுள்ளது.

பல வீடுகளில் நடப்பதோ இதற்கு மாறானது. முற்றத்திற் பாயை விரித்து நெல்லைக் காயவிடுவர். கோழி வந்து கொத்தும். வீட்டார் திண்ணையில் இருந்தபடியே நாயை உசுப்பிவிடுவர். நாய் பாய்ந்தோடும், கோழி கொக்கரித்துப் பறக்கும், பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பர். அன்று நாய் கற்ற பாடம் யாது? கோழியைத் துரத்துதல் எசமானுக்கு உவப்பானது என்பதே. கோழி உரிக்கும்போது தலையையும் குடலையும் பச்சையாக எறிவர். செத்த குஞ்சை வேலியோரத்தில் நாய்க்கு வீசுவர். கோழி என்பது தின்பதற்குரிய பொருள் என்னும் இரண்டாம் பாடமும் அவ்வாறு முடிகின்றது. இவ்விரு பாடங்களையும் வீட்டாரே கற்பித்துவிட்டு, மூன்றாம் நாள் நாய் தானாகவே ஒரு கோழியைப் பிடித்தவுடன் பொல்லை எடுப்பது முறையாகுமா?

பயன்தராத தண்டனைகள்

கோழி பிடித்த நாயின் கழுத்தில் அச்செத்த கோழியையே கட்டித் தொங்கவிட்டு, அது அழுகி விழும்வரை விடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நாய் இதனால் நாணமடைவதில்லை. செத்த கோழியின் நாற்றத்துக்கும், உயிருள்ள கோழி சிறகடித்து ஓடும் காட்சிக்கும் தொடர்பு இருப்பதாக அது உணர்வதில்லை. அழுகிய இறைச்சியில் மொய்க்கும் ஈயும் புழுவும் வீட்டுக்கு நோயைக் கொண்டு வருவதொன்றே கண்ட பயன்.

நிகழ்ந்து சிறிது நேரத்தின் பின் நாயைத் தேடிப் பிடித்து அடிப்பதும் பயனற்றதே. அடி விழுந்த நொடியில் நாய் செய்துகொண்டிருந்த செயலோடேயே அது அடியைச் சேர்த்து எண்ணும். எசமான் கூப்பிட்டபோது வந்த நாயை அடித்தால், கூப்பிட்டால் வரக்கூடாது என்பதையே அது கற்கும். கோழிக்கு முன்னால் அடித்தால், கோழி அருகில் இருக்கும்போது எசமான் கொடியவனாகின்றான் என்று எண்ணி, எசமான் இல்லாத வேளையிற் பிடிக்கக் கற்கும். மிளகாய்த்தூள் அடைத்த முட்டையை உண்பித்தலும் இவ்வாறே. அம்முட்டையை வெறுக்குமேயன்றிக் கோழியைத் துரத்துவதை அது விடாது.

பழக்கும் முறை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நாய்க்கும் பெரும்பாலும் பொருந்தும். அமெரிக்காவின் பார் ஹார்பர் என்னும் இடத்தில் ஸ்கொட், ஃபுல்லர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1965 இல் நூலொன்றை வெளியிட்டனர். அவ்வைந்து இனங்களுள் டெரியரும் ஒன்று. நாய்க்குட்டியின் ஏறக்குறைய 3 ஆம் வாரந் தொடக்கம் 12 ஆம் வாரம் வரையுள்ள காலமே, அது எவ்வுயிர்களோடு உறவாட வேண்டும் என்பதைக் கற்கும் முதன்மையான காலம் என அவர்கள் காட்டினர். டெரியர்க் குட்டிகள் தம்முள்ளேயே கடும் சண்டையிட்டதனால் அவற்றைப் பிரித்து வளர்க்க நேர்ந்ததும் அவ்வாராய்ச்சியிற் காணப்பட்டது. ஆதலின், ஏறக்குறைய 8 வாரக் குட்டியைத் தெரிந்தெடுத்தல் நன்று. கோழியும் ஆடும் நிறைந்த வளவிற் பிறந்து, அவற்றைப் பொருட்படுத்தாத தாயின் குட்டியாயின் மிக நன்று.

முதலாவதாக, குட்டி தன் பெயரைக் கேட்டவுடன் திரும்பவும், "வா" என்றதும் வரவும், "இரு" என்றதும் இருக்கவும், "விடு" என்றதும் வாயிலுள்ளதை விடவும் பழக்கவேண்டும். வீட்டார் யாவரும் ஒரே சொற்களையே கையாளவேண்டும். தந்தை "விடு" என்றும் தாய் "போடு" என்றும் மகன் "சீ" என்றும் கூறினால் குட்டி எதனையும் கற்காது. சொல்லுக்கு இணங்கும் ஒவ்வொரு முறையும் அவித்த மீனிலோ ஈரலிலோ ஒரு சிறு துண்டு கொடுக்கவேண்டும். கோழியில்லாத இடத்தில் இச்சொற்கள் உறுதியாகப் பதிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லவேண்டும்.

இரண்டாவதாக, கோழிகளைக் கம்பிவலைக் கூட்டினுள்ளோ கிடுகடைப்பினுள்ளோ அடைத்து, குட்டியை 6 அடிக் கயிற்றிற் பிடித்துத் தூரத்தில் நிற்கவேண்டும். குட்டி கோழியைக் காணவேண்டும்; ஆயினும் கயிற்றை இழுக்காதிருக்க வேண்டும். அதுவே சரியான தூரம். 20 யாரோ 40 யாரோ, அத்தூரத்தைக் குட்டியே காட்டித்தரும். அது கோழியை நோக்கியவுடன் பெயர் சொல்லி அழைக்க, முகத்தைத் திருப்பினால் உடனே உணவு கொடுக்கவேண்டும். நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடத்துக்கு மேற்படாமல் இதனைச் செய்யலாம். சில நாட்களில், கோழியைக் கண்டதும் குட்டி தானாகவே எசமானின் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். அந்நாளே பழக்கத்தின் கால்கோள்நாள் எனலாம்.

மூன்றாவதாக, நாள்தோறும் சில அடிகள் கிட்ட நெருங்கலாம். குட்டி உடலை விறைத்தோ பதுங்கியோ ஊளையிட்டோ நின்றால், நெருங்கியது மிகுதி என்பது பொருள். அதனை ஏசாது பின்வாங்கி, முன்னைய தூரத்தில் மீண்டும் தொடங்கவேண்டும்.

நான்காவதாக, கோழியின் அசைவுக்கும் குட்டியைப் பழக்கவேண்டும். அமைதியாக நிற்கும் கோழி வேறு. தீனி தூவும்போது பறந்தோடி வரும் கோழி வேறு. கோழிக்குத் தீனி இடும் வேளையில் குட்டியைக் கயிற்றிற் பிடித்து "இரு" என இருத்திப் பழக்கினால், நாளடைவில் சிறகடிப்பும் அதற்குப் பொருளற்றதாகும். அடைக்கோழியின் அருகே குட்டியைக் கொண்டுசெல்லலாகாது. குஞ்சைக் காக்கும் பேடு பாய்ந்து கொத்தும்; கொத்துப்பட்ட குட்டி அஞ்சவுங் கூடும், எதிர்த்துக் கடிக்கவுங் கூடும்.

ஐந்தாவதாக, 30 அடி நீளமான கயிற்றைக் கழுத்துப்பட்டியிற் கட்டி நிலத்தில் இழுபடவிட்டு, குட்டியை வளவில் நடமாட விடலாம். கையிற் பிடியில்லை எனினும், தவறு நேருமாயின் கயிற்றை மிதித்து நிறுத்தலாம். ஒரு மாதம் வரை தவறு ஒன்றும் நேராவிடின் கயிற்றை நீக்கலாம். ஆயினும், நாய்க்கு ஒன்றரை வயது நிரம்பும்வரை, ஆளில்லாத வளவிற் கோழியோடு அதனைத் தனியே விடலாகாது. இளமையில் அடங்கியிருந்த ஊக்கம் 8 ஆம் மாதத்துக்கும் 18 ஆம் மாதத்துக்கும் இடையில் மீண்டும் தலைதூக்குதல் உண்டு. "என் நாய் பழகிவிட்டது" என்னும் நம்பிக்கையிலே கோழிகள் இறப்பது பெரும்பாலும் இவ்வயதிலேயாகும்.

ஓர் எல்லையையும் மறவாதிருத்தல் வேண்டும். பொரித்துச் சில நாளான குஞ்சு உருவத்திலும் கீச்சொலியிலும் எலியை ஒத்தது. முயலும் அவ்வாறே. எலியைக் கொல்லப் பழகிய நாயிடம் இவ்விரண்டையும் நம்பி ஒப்படைப்பது அறிவுடைமையன்று. குஞ்சுக்கூடும் முயற்கூடும் நாய் நுழையாத தனியடைப்பில் இருக்கவேண்டும். பழக்கத்தோடு அடைப்பும் சேர்ந்தால்தான் காவல் முழுமையாகும். வேலிப் பொட்டுகளையும் அடைத்தல் வேண்டும். அப்பொட்டுகளின் வழியாகவே தன் வளவு நாய் அயலாரின் கோழியிடம் செல்கின்றது.

ஆடும் மாடும்

ஆட்டையும் மாட்டையும் பொறுத்தவரை, கொலையினும் துரத்தலே பெருங்கேடு. சினைப்பட்ட ஆடு துரத்தப்பட்டால் கருச்சிதையலாம். பால் கறக்கும் பசு அஞ்சினாற் பால் சுரப்பது குறையும். கட்டையிற் கட்டிய கன்று மிரண்டு கயிற்றிற் சிக்குண்டு கழுத்து நெரிபடலாம். கோழிக்குக் கூறிய படிகளையே இவற்றுக்கும் கையாளலாம். ஆயினும் முதலில் பழக்கத்துக்குத் தெரிந்தெடுப்பது, நாயைக் கண்டு ஓடாது நிற்கும் முதிய ஆடாகவோ பசுவாகவோ இருக்கவேண்டும். ஓடும் காலே நாயைத் துரத்தத் தூண்டுகின்றது. நிற்கும் ஆடு அதற்கு நிதானத்தைக் கற்பிக்கின்றது. கறவை நேரத்திலும் பட்டி அடைக்கும் நேரத்திலும் குட்டியைக் கயிற்றுடன் அருகில் இருத்தி வைத்தால், மாடும் நாயும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளும்.

இரண்டு நாய்கள் சேர்ந்தால் தனிநாயின் அடக்கம் அழிந்துபோவதையும் கவனித்தல் வேண்டும். தனியே நல்ல நாய், அயல்நாயோடு கூடித் திரியும்போது ஆட்டை மறித்துக் கடிக்கக்கூடும். ஆதலின், பழக்கிய நாயை இரவில் ஊர்சுற்ற விடுதல் பழக்கத்தையே அழிப்பதாகும்.

வயலில் வேட்டை

வேட்டைக்கென ஒரு தனிச் சொல் வேண்டும். "எலி" என்றோ "பிடி" என்றோ ஒரு சொல்லை வரம்பில் மாத்திரமே வழங்கவேண்டும். வளவிற் காகத்தைத் துரத்தவோ கோழியை விரட்டவோ அச்சொல்லை ஒருபோதும் வழங்கலாகாது. வயலுக்குச் செல்லும் வழியில், மேயும் ஆட்டையும் மாட்டையும் கடக்கும்வரை நாய் கயிற்றில் இருக்கவேண்டும். வரம்பை அடைந்து, சொல் கொடுத்த பின்னரே கயிறு கழலவேண்டும். வேலை முடிந்ததும் மீண்டும் கயிறு. இவ்வாறு ஒழுங்கு தவறாது செய்தால், கயிறு கழன்றால் வேட்டை, கயிறு ஏறினால் அடக்கம் என்பதை நாய் விளங்கிக்கொள்ளும்.

அறுவடை முடிந்த வயலே வேட்டைக்கு ஏற்றது. நிற்கும் பயிரில் நாயை விட்டால் எலியினும் நாயே பயிரை மிகுதியாக மிதிக்கும். வளைகளில் நாகமும் புடையனும் ஒதுங்குவதுண்டு. ஆதலின், கையை வளைக்குள் விடலாகாது; நாய் தோண்டும்போது குனிந்து பார்க்கவும் கூடாது. தோண்டிய வரம்பை அன்றே மண்ணிட்டு மிதித்து அடைத்தல் வேண்டும். இல்லையெனின், வேட்டை வரம்புக்கே கேடாகும். எலி நஞ்சு வைத்த இடத்தில் எக்காரணத்தாலும் நாயை விடலாகாது. நஞ்சுண்ட எலியை நாய் தின்றதாக ஐயமெழுந்தால், நஞ்சின் பொதியையும் எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் உடனே செல்லவேண்டும். சில நஞ்சுகளின் விளைவு பல நாட்களின் பின்னரே தோன்றும்.

எலியைக் கவ்வும் நாய்க்கும் எலிக்காய்ச்சற் கிருமி தொற்றலாம். அதன் சிறுநீரால் வீட்டாருக்கும் பரவலாம். கொன்ற எலியை வெறுங்கையால் எடுக்காது, மண்வெட்டியால் எடுத்து ஆழப் புதைக்கவேண்டும். வேலை முடிந்ததும் கைகால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். சேற்று வேலை தொடங்குமுன் தடுப்பு மாத்திரை பற்றி அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்தறிதல் ஒவ்வொரு கமக்காரனுக்கும் கடமையாகும்.

முன்னரே கோழி பிடித்த நாய்

ஒருமுறை இரத்தச் சுவை கண்ட நாய் திருந்தாது என்பது பரவலான நம்பிக்கை. அஃது உண்மையன்று. அந்நாய் கண்ட சுவை இரத்தத்தினதன்று, துரத்தலின் சுவையே. அச்சுவை மீண்டும் கிடைக்காதவாறு சில மாதங்கள் காத்து, மேற்கூறிய படிகளை முதலிலிருந்தே தொடங்கினால், பல நாய்கள் ஆளின் முன்னிலையிற் கோழியை மதிக்கக் கற்கும். குட்டிக்கு வாரங்கள் செல்லுமெனின் வளர்ந்த நாய்க்கு மாதங்கள் செல்லும். சில நாய்கள் எக்காலத்தும் தனியே விடத்தகாதவையாகவே இருக்கும் என்பதையும் மறைத்தற்கில்லை. அத்தகைய நாய்க்கு உரியது உயர்ந்த அடைப்பும், நாள்தோறும் கயிற்றுடன் நடையும், வரம்பில் வேலையுமேயன்றி நஞ்சன்று. வேலையின்றிச் சங்கிலியிற் கிடக்கும் நாயின் வெறி குறைவதில்லை. சங்கிலி அறும் நாளுக்காக அது சேமிக்கப்படுகின்றது.

நேரமில்லை என்போர்க்கு

"நாற்று நடவும் நீர் பாய்ச்சவுமே பொழுது போதாது, நாய்க்குப் பள்ளிக்கூடம் வைப்பது யார்?" என்று கேட்போர் இருப்பர். அவர் கேள்வி நியாயமானதே. ஆயினும் கணக்குப் பார்த்தல் நன்று. நாளுக்கு 20 நிமிடமாக 60 நாட்களுக்கு ஆவது 20 மணித்தியாலம். ஓர் ஊர்க்கோழிக் குஞ்சு முட்டையிடும் பேடாக வளர ஏறக்குறைய 6 மாதம் வேண்டும். அவ்வாறு வளர்ந்த பேடுகள் ஐந்தாறு ஒரு காலைப்பொழுதில் அழிந்தால், இழந்த காலம் எவ்வளவு? 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோழித் தீனியின் விலையும் முட்டையின் விலையும் ஏறியதையும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்ததையும் யாவரும் அறிவர். அக்காலத்தில், வளவில் நின்ற நாலு கோழியே பல குடும்பங்களில் பிள்ளைகளின் உணவுக்கும் பெண்களின் கைச்செலவுக்கும் ஆதாரமாயிருந்தன. அக்கோழிகளைக் காக்கும் 20 மணித்தியாலம் வீணானதன்று.

அன்றியும், இப்பழக்கத்துக்குத் தனிநேரம் ஒதுக்கவேண்டுவதில்லை. காலையிற் கோழி திறக்கும் நேரமும் மாலையிற் பட்டி அடைக்கும் நேரமுமே பாட நேரங்கள். வளர்ந்த பிள்ளைகள், பெரியோரின் மேற்பார்வையில் இதனைச் செய்யலாம். உசுப்பிவிடுவதில் அவர்களுக்குள்ள ஆர்வம் அடக்கிப் பழக்குவதில் திரும்பும்.

உடையவன் பொறுப்பு

கோழி பிடித்த நாயைச் சந்தியிற் கொண்டுபோய் விடுவதே இவ்விடயத்திற் பெருந்தவறு. அந்நாய் மறைந்துபோவதில்லை, வேறோர் ஊரில், வேறொருவரின் கோழிக்கூட்டைத் தேடிச் செல்லுகின்றது. கூட்டமாகத் திரிந்து கன்றையும் ஆட்டையும் கடிக்கின்றது. தடுப்பூசி பெறாது பெருகி, விசர்நோயையும் பரப்புகின்றது. இந்நாட்டில் 1973 ஆம் ஆண்டில் விசர்நோயினால் 377 பேர் இறந்தனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசி இடப்பட்டமையினாலும், கடியுண்டோருக்கு மருந்து கிடைத்தமையினாலும் அவ்வெண்ணிக்கை பெரிதும் குறைந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையை அரசு 2006 ஆம் ஆண்டிற் கைவிட்டது. ஆதலின், கைவிடப்பட்ட ஒவ்வொரு நாயும் ஊரின் மேற் சுமத்தப்பட்ட சுமையேயாகும்.

வேட்டை நாய்க்கு ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி இடுவித்தல் வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி பற்றியும் கால்நடை வைத்தியரிடம் கேட்டறியலாம். பெருக்கம் வேண்டாத நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தல் நன்று. அதனால் வேட்டைத்திறன் குன்றாது. நாய் எவரையேனும் கடித்தால், காயத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும்.

அயலவரின் கோழியைத் தன் நாய் பிடித்ததாயின், "நாய்க்கு என்ன தெரியும்" என்று கூறித் தப்புதல் கமக்காரனுக்கு அழகன்று. நாய்க்குத் தெரியாது என்பது உண்மையே. தெரிவிக்க வேண்டியவன் அதனை வளர்ப்பவன். கோழியின் விலையைத் தானாகவே முன்வந்து கொடுப்பவன் ஒரு பகையைத் தவிர்க்கின்றான். வாய்க்கால் முறையிலும் எல்லை வேலியிலும் அறுவடை உதவியிலும் ஒருவரையொருவர் நம்பியே வாழவேண்டிய ஊரில், ஒரு கோழிக்காக மூண்ட பகை ஒரு போகத்தின் விளைச்சலையே கெடுத்துவிடும். விலையைக் கொடுத்த அன்றே நாயைக் கயிற்றிற் கட்டிப் பழக்கத் தொடங்குபவனோ, அடுத்த இழப்பையும் தவிர்க்கின்றான்.

கமக்காரன் எருதை நுகத்துக்குப் பழக்குகின்றான். பசுவைக் கறவைக்குப் பழக்குகின்றான். அவற்றை அடித்து மாத்திரம் பழக்க முடியாது என்பதை அவன் தன் முன்னோரிடமிருந்தே அறிவான். நாயைப் பற்றி மாத்திரம், அது தானே கற்றுக்கொள்ளும் என்று எண்ணியிருப்பது பொருந்தாது. குட்டி வீட்டுக்கு வந்த நாளிலேயே கயிறும் பொறுமையும் கையில் இருக்கவேண்டும். இப்போகத்திற் குட்டி ஒன்று வளர்க்க எண்ணியுள்ள கமக்காரர், அறுவடைக்கு முன்னரே அதனைத் தெரிந்தெடுத்துக் கோழிக்கூட்டின் அருகே முதற் பாடத்தைத் தொடங்குவாராக.